பெல்ட் கத்தாத நாள்

பாலிடெக்னிக்கில் மோட்டார் லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே மின்சாரத்தைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். மீட்டரைப் பார்க்காமலே ரீடிங் எழுதுகிறவன் அழகான எண்களாகத்தான் எழுதுவான். இருபது, நாற்பது, அறுபது என்று ஒழுங்காக ஏறும். நிஜ மீட்டர் அப்படி ஏறாது. பத்தொன்பதே முக்காலில் நின்று நடுங்கும். ரெக்கார்டு நோட்டைத் திறந்ததுமே, எது பார்த்து எழுதியது, எது பஸ்ஸில் வரும்போது எழுதியது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பழக்கம் லேபோடு நிற்கவில்லை. காய்கறித் தராசு, ஆட்டோ மீட்டர், மருந்துக்கடைக்காரர் வெட்டித் தரும் மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பேன். சந்தேகம் உனக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது என்பார் என் கணவர். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர் கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற ஆண்கள் காலையில் உத்திர வீதியைச் சுற்றி நடப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள், திரும்பி வந்து பேப்பரை விளம்பரம்வரை படிப்பார்கள். இவர் விமானம் கட்ட ஆரம்பித்தார். ஒரே ஒருவர் உட்காரும் சின்ன விமானம். கூட வேலை பார்த்த ஒருவருக்கு வையம்பட்டிப் பக்கம் நிலம் இருக்கிறது. அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, வரைபடத்தை விரித்து, குழாய் குழாயாக வெட்டி ஒட்டினார். அறுபது வயதுக்கு மேல் வெளியூர் போய் விமானம் ஓட்டும் பயிற்சியையும் முடித்து வந்தார். பறக்க அனுமதி கேட்டுக் காகிதங்கள் போயிருந்தன. அது வரும்வரை எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எஞ்சின் ஒரு பழைய சின்னக் காருடையது. மூன்று சிலிண்டர். அதில்தான் எனக்கு முதல் உறுத்தல். அந்த எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுப்பதும் மின்சாரம், பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பை ஓட்டுவதும் மின்சாரம். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்றால் பேட்டரி மட்டும்தான் மிச்சம். என் கணக்கில் அது இருபத்தைந்து நிமிஷம் தாங்கும். அதற்கப்புறம் எஞ்சின் நின்றுவிடும். கார் என்றால் ஓரம் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இவர் எங்கே ஓரம் கட்டுவார்? அந்த ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். அதாவது என் வீட்டுக்காரர் உயிரோடு இறங்கி வருவது ஒரு பெல்ட்டின் கையில் இருந்தது. மின்சாரம் சம்பந்தப்பட்ட எதையும் என்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்பை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் ஆல்டர்னேட்டர். எஞ்சினோடு வந்த பழையதே போதும் என்பது அவர் கட்சி. அதைச் சமையலறைத் தராசில் தூக்கி வைத்தேன். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கீழே முள் நின்றது. தீப்பொறி, இரண்டு பம்பு, ரேடியோ, மீட்டர்கள், ஒரு விளக்கு எல்லாவற்றையும் கூட்டினால் இருபது ஆம்பியர்கூட வரவில்லை. இதுவோ அறுபது தரும். இரண்டு பேர் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டா எதற்கு என்று கேட்டேன். மினி டிராக்டரில் வரும் சின்ன ஆல்டர்னேட்டர் எடையில் பாதிதான், முப்பத்தைந்து ஆம்பியர் தரும். அதுதான் வேண்டும் என்று நான் நின்றேன். இரண்டு நாள் கழித்து ஒத்துக்கொண்டார்.

அதிலும் எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் இப்போதெல்லாம் ஆல்டர்னேட்டரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அது கெட்டால் வோல்டேஜ் கண்டபடி ஏறி, தீப்பொறிப் பெட்டியை எரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கும் எதையும் நான் நம்புவதில்லை. ரெகுலேட்டர் வெளியே, நான் கைவைத்துப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். வோல்டேஜ் எல்லை மீறினால் துண்டித்துவிட ஒரு ரிலேயும் வேண்டும்.

பாலக்கரையில் ஆல்டர்னேட்டர் விற்று, பழுதும் பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், தோளில் எப்போதும் ஒரு எண்ணெய்த் துணி. நான் கேட்டதை எடுத்து வைத்து, கேட்காமலே "ஒரிஜினல்" என்றார். கேட்காமல் சொல்லப்படும் உண்மை எனக்கு எப்போதும் உறுத்தும். பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். பழையதைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, வெள்ளிப் பெயின்ட் அடித்துப் புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்பது நம் ஊரில் புதுசு இல்லை. திருகாணித் தலைகளில் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். மூக்கருகே வைத்து வார்னிஷ் வாசனை அடிக்கிறதா என்று மோந்தேன். பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லியைச் சுண்டிவிட்டுக் காதோடு வைத்து பேரிங் சத்தம் கேட்டேன். கடைக்கு வந்த லாரிக்காரர் ஒருவர் வாங்க வந்ததை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், பின்மூடியைத் திறந்து உள்ளே காட்டச் சொன்னேன்.

"திறந்துட்டா அப்புறம் அது எப்படி டீச்சர் புதுசா இருக்கும்?" என்றார் கடைக்காரர்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஏமாற்றுகிறவனும் அதையேதான் கேட்பான் என்று தோன்றியது. திறக்காமல் வாங்க மாட்டேன் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் திறந்து காட்டினார். கார்பன் பிரஷ்கள் முழு நீளத்தில் இருந்தன. அவை உரசும் வளையத்தில் ஒரு கோடு கிடையாது. ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பதே எனக்கு ஒரு குறையாகப் பட்டது. வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெல்ட்டுக்குக் காந்தி மார்க்கெட் பக்கம் போனோம். கிணற்று மோட்டாருக்கும் மாவு மில்லுக்கும் பெல்ட் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு, வழிவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆணியில் மாலை மாலையாகப் பெல்ட் தொங்கியது. ஆணியில் தொங்கும் பெல்ட் எத்தனை வெயில்காலத்தைப் பார்த்ததோ யாருக்குத் தெரியும்? ரப்பர் உட்கார்ந்த இடத்திலேயே கிழடாகிவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஒரு கடையில் அது என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

என் கணவருக்கு இப்போதைய கார்களில் வரும் பட்டை பெல்ட் மேல் ஆசை. அதற்கு இரண்டு புல்லியையும் மாற்ற வேண்டும். உள்பக்கம் பல் வெட்டிய வி பெல்ட் சின்னப் புல்லியில் சூடாகாமல் வளையும், இருக்கும் புல்லியிலேயே உட்காரும் என்று அவரை மடக்கினேன். கடைசியில் பிரிக்காத கட்டு ஒன்றை என் கண்முன்னே பிரிக்கச் சொல்லி, அதிலிருந்து இரண்டு எடுத்தேன். ஒன்று போட, ஒன்று கையிருப்பு.

காரில் முன்னால் இருந்த பெல்ட் விமானத்தில் பின்னால் வந்துவிட்டது. எஞ்சினைத் திருப்பி மாட்டியிருந்தார். ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் தகட்டுச் சுவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட். சந்து அத்தனை குறுகல். டார்ச்சும், தலைசீவும்போது நான் பார்க்கும் கைக்கண்ணாடியும் இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டை அவரே வெல்டு செய்து மாட்டினார். இரண்டு புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாக உரசி வழுக்கும். பூக்கட்டும் நூலை இரண்டு புல்லிக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, நான் வயர் வேலையில் இருந்தேன். பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது என்று குரல் வந்தது. எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று கேட்டேன். ஜீரோ என்றார். அவர் வெல்டிங்கை வைத்து ஸ்கேலைச் சரிபார்க்கலாம் என்று தொழிற்சாலையில் பேச்சு உண்டு. நான் நோட்டில் ஜீரோ என்று எழுதிக்கொண்டேன்.

முதல் தடவை எஞ்சினை ஓட்டியபோது பெல்ட் கத்தியது. ஆரம்பித்ததும் ஒரு கீச்சு, விளக்கையும் பம்பையும் போட்டதும் நீளமாக இன்னொரு கீச்சு. பக்கத்து வயலில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். பெல்ட் வழுக்குகிறது, எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும் என்றேன்.

"புது பெல்ட்டுன்னா முதல்ல கத்தத்தான் செய்யும். ஓட ஓடப் படிஞ்சிடும்," என்றார் அவர்.

"எதுவும் தானா படியாதுங்க. கத்துதுன்னா ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம்."

மணப்பாறை தாண்டி, திருச்சி வந்து, காவிரிப் பாலம் ஏறும்வரை அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பெல்ட் கடைக்காரன் கட்டுக்குள்ளேயே பழைய பெல்ட்டைச் சொருகியிருப்பானோ என்று நான் ஜன்னல் வழியாக யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம்தான் வீட்டில் சோப்பு குறைந்தது. வாஷிங் மெஷின் இருந்தாலும் காலரையும் கைப்பட்டியையும் கல்லில் சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் எனக்குத் திருப்தி. அதற்கென்று எலுமிச்சை வாசனை அடிக்கும் நீளக் கட்டிச் சோப்பு வாங்கி வைப்பேன். முதல்நாள் பிரித்த கட்டி மறுநாள் காலையில் முக்கால்வாசிதான் இருந்தது. தேய்ந்து குறையவில்லை. நேராக வெட்டி எடுத்திருந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்தவர் திருவானைக்காவலிலிருந்து வருவார். ஆறு வருஷமாக வந்துகொண்டிருந்தார். அந்த ஆறு வருஷத்தில் ஒரு ஸ்பூன்கூட இடம் மாறியதில்லை. அதையெல்லாம் நான் நினைக்கவில்லை. சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். இது எப்படி இப்படி ஆச்சு என்று மட்டும்தான் கேட்டேன். கேட்ட விதம் அப்படி. அவர் கழுவிக்கொண்டிருந்த பாத்திரங்களைக் கழுவி முடித்தார். கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வரவில்லை அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். கோபித்துக்கொண்டு போகிறவள் எடுத்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். என் கணவர் அப்போது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார்.

அடுத்த தடவை எஞ்சினை ஓட்டியபோது பெல்ட் கத்தவில்லை.

ஆரம்பித்தபோதும் இல்லை, எல்லாவற்றையும் போட்டபோதும் இல்லை. பார்த்தியா, படிந்துவிட்டது என்றார் அவர். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சும்மா இருந்த காலத்தில் ஒரு பெல்ட் எப்படித் திருந்தும்? கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன். பெல்ட் ஒழுங்காகத்தான் தெரிந்தது. வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பதினாலைத் தாண்டி இருந்தது. பம்பு, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் போட்டு வேகத்தைக் கூட்டச் சொன்னேன். வேகம் ஏற ஏற மீட்டர் இறங்கியது. பதின்மூன்று, பன்னிரண்டே முக்கால், பன்னிரண்டரை. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் தரவில்லை, பேட்டரிதான் கரைகிறது. மேலே போனபிறகு இது நடந்தால் அந்த இருபத்தைந்து நிமிஷக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்.

உடனே எனக்குத் திருடன் கிடைத்துவிட்டான். பாலக்கரை. பாரம் ஏறினால் படுத்துக்கொள்ளும் ஆல்டர்னேட்டரைப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஏமாந்திருக்கிறேன். அந்த ஆத்திரம் வேறு. என் கணவர், இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமே, அவசரப்படாதே என்று நாலைந்து தடவை சொன்னார். வழக்கமாக நான் யாருடனாவது சண்டைக்குப் போனால் தலையிட மாட்டார். நான் அவரைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஆல்டர்னேட்டரைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

நாலு பேர் இருக்கும்போதுதான் கேட்டேன். ரீவைண்டிங் செய்ததைப் புதுசு என்று விற்கிறீர்களே, இது யார் உயிரைச் சுமக்கும் சாமான் தெரியுமா என்று குரலை உயர்த்தியே கேட்டேன். கடைக்காரர் ஆல்டர்னேட்டரை வாங்கி, சோதனை மேஜையில் பெல்ட் இல்லாமல் மோட்டாரோடு நேராகப் பொருத்தினார். மோட்டாரைப் போட்டுச் சுற்றவிட்டார். லாரி ஹெட்லைட் பல்புகளை ஒவ்வொன்றாக இணைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மீட்டர் பதினாலேகாலில் நின்றது. என்னை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அரைமணி நேரம் அந்த மீட்டரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அசையவில்லை. பல்பு வெளிச்சத்தில் என் முகம்தான் சுட்டது.

திரும்பி வந்து நிறுத்தினார். புல்லியின் பள்ளத்தில் விரலை ஓட்டினார். விரலைத் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"பெல்ட் கத்துச்சா டீச்சர்?"

"கத்துச்சு. அப்புறம் தானா நின்னுடுச்சு."

"தானா நிக்கலை. யாரோ சோப்புத் தடவியிருக்காங்க. கிணத்து மோட்டார்க்காரங்க இப்படித்தான் பண்ணுவாங்க. சத்தம் போயிடும். வழுக்கறது போகாது."

கிணற்று மோட்டார் என்றதும் எனக்கு மூக்கு வியர்த்தது. கொட்டகை இருக்கும் நிலத்துக்காரர்தான், வேறு யார், அவர் கிணற்றில்தான் மோட்டார் ஓடுகிறது, ஆடு பயப்படுகிறது என்று தடவியிருப்பார். ஒரு நொடியில் அவரைக் குற்றவாளியாக்கி, என்ன சொல்லித் திட்டுவது என்பதுவரை போய்விட்டேன். அதற்குள் கடைக்காரர் பள்ளத்தை வழித்தெடுத்த துணியை என்னிடம் நீட்டினார். மோந்தேன்.

எலுமிச்சை வாசனை. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லின் வாசனை.

அப்போதுதான் அந்த வெட்டு நினைவுக்கு வந்தது. நேரான வெட்டு. அதன் முகத்தில் சன்னச் சன்னமாகக் கோடுகள். சமையல் கத்தி அப்படி வெட்டாது. இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடு அப்படித்தான் வெட்டும். எங்கள் வீட்டில் ஹேக்ஸா பிடிக்கிறவர் ஒருவர்தான். சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே, அந்தக் கோடுகளை நான் பார்க்கத்தான் செய்தேன். பார்த்தும் எனக்கு அவர் நினைவு வரவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள், எந்த உயிருக்காகச் சந்தேகப்பட்டேனோ அந்த ஆளை மட்டும் விட்டுவிட்டேன். கடைக்காரரிடம் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். பரவாயில்லை டீச்சர், முதலில் பெல்ட் ஏன் கத்தியது என்று பாருங்கள் என்றார். நாலு பேர் முன்னால் திட்டியதை அந்த நாலு பேர் போனபிறகுதான் திரும்ப வாங்கினேன் என்பது படி இறங்கும்போது உறைத்தது.

வீட்டுக்கு வந்து, அந்தத் துணியை அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பர்மேல் வைத்தேன். அவர் எடுத்து மோந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நூல் பிடித்துப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டதாம். வெல்டு ஆறும்போது பிராக்கெட் இழுத்துக்கொண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. தன் வெல்டிங்கை ஒருவர் திருப்பி அனுப்பியது கிடையாது, அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று வாயில் ஜீரோ வந்துவிட்டதாம். பெல்ட் கத்தியபோது, நிலத்துக்காரர் பேச்சுவாக்கில் எப்போதோ சொன்ன சோப்பு வைத்தியம் நினைவுக்கு வந்திருக்கிறது. ஒரு நாள் தனியாகப் போய்த் தடவிவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நாளில் பெல்ட் படிந்துவிடும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

"சொல்லியிருந்தா நீ எஞ்சினையே கழட்டச் சொல்லுவே. எதைச் சொன்னாலும் விசாரணை மாதிரி ஆயிடுது. சத்தம் நின்னா நீயும் நிம்மதியா இருப்பேன்னு நெனச்சேன்," என்றார்.

"மேல போனப்புறம் யார்கிட்டங்க மறைப்பீங்க?"

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று மில்லிமீட்டரை என்னிடம் சொல்வதைவிட, அந்த விமானத்தில் ஏறி உட்காருவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கீழே விழுவதைவிட என் கேள்விகளுக்கு அதிகம் பயந்திருக்கிறார். முப்பது வருஷம் எத்தனை ஜீரோக்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பேன்! பயந்த பிள்ளைகள்தான் பொய் ரீடிங் எழுதும், பயப்பட வைத்தது யார் என்று ஒரு நாளும் என்னை நானே கேட்டதில்லை.

வேலைக்காரம்மாவைப் பற்றி அவர் தானாகவே பேச்செடுத்தார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்றார். நான் போகிறேன் என்றேன். சாயங்காலம் திருவானைக்காவலுக்கு நடந்தே போனேன். அந்த அம்மா தன் வீட்டு வாசலில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சோப்பு, ஹேக்ஸா, பெல்ட் எல்லாம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார். நீ எடுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, திரும்பி வா என்றேன்.

"நான் எடுக்கலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே அக்கா வந்தீங்க," என்றார்.

குரலில் கோபம் இல்லை. வேறு இரண்டு வீடு கிடைத்துவிட்டது என்றார். டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அந்த வார்த்தை என்னோடு ஸ்ரீரங்கம்வரை நடந்து வந்தது, இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் என் கணவர் பிராக்கெட்டைத் தானே அறுத்தெடுத்தார். மறுபடி வெல்டு செய்து, ஆறவிட்டு, மாட்டினார். நூலின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான். கால் மில்லிமீட்டர் விலகல் என்றார். நான் கண்ணாடியை நுழைக்காமல், நோட்டில் கால் என்று எழுதினேன். புல்லிப் பள்ளங்களைப் பெட்ரோல் போட்டுத் துடைத்து, கையிருப்பு பெல்ட்டைப் போட்டோம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில் நான் பக்கத்தில் நிற்கவில்லை. தீயணைக்கும் சிலிண்டரோடு இறக்கை நுனியைத் தாண்டிப் போய் நின்றேன். டார்ச்சும் கண்ணாடியும் காரிலேயே இருந்தன. சும்மா நிற்பது எனக்கு எத்தனை கஷ்டம் என்று அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்தது. எஞ்சின் பிடித்தது. வேகம் ஏறியது. ப்ரொபெல்லர் வாரியடித்த புழுதி என் புடவையெல்லாம் படிந்தது. அந்த இரைச்சலில் பெல்ட் கத்தினாலும் கத்தாவிட்டாலும் என் காதில் விழப் போவதில்லை. வோல்ட் மீட்டர் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் சரி என்று அவர் ஒரு கட்டைவிரலைக் காட்டினால் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று எஞ்சின் அடங்கியது. ப்ரொபெல்லர் சுற்றி நின்றது. அவர் சீட் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி, புழுதியில் நேராக என்னிடம் நடந்து வந்தார். வோல்டேஜ் பதினாலுக்குக் குறையவே இல்லை என்று முதலில் சொன்னார். அப்புறம் தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் போட்டப்ப ஒரு தடவை லேசா கத்துச்சு. உனக்குக் கேட்டிருக்காது," என்றார்.

எனக்குக் கேட்டிருக்கவில்லைதான். நான் எதுவும் கேட்கவில்லை. காருக்குப் போய், பெல்ட்டை இறுக்கும் ஸ்பேனரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.